ஐந்துக்கு ஐந்து

ஐந்துக்கு ஐந்து எப்படி வரும்? பதினாறு நாளாக டாக்டர் செண்பகவடிவுக்கு இதே கேள்விதான். பல் தேய்க்கும்போது இதே கேள்வி, வார்டில் ரவுண்ட்ஸ் போகும்போது இதே கேள்வி, இப்போது திருநெல்வேலி புது பஸ் ஸ்டாண்டிலிருந்து கோவில்பட்டிக்குக் கிளம்பிய சாதாரண பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்து, மடியிலிருந்த துணிப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருக்கும்போதும் இதே கேள்வி. பைக்குள் ஒரு படிவத்தின் நகல் இருந்தது. அதை ஆஸ்பத்திரி ஜெராக்ஸில் எடுக்கவில்லை, தெருமுனைக் கடையில் எடுத்தாள். கடைக்காரன் தாளை ஒரு நொடி கூடுதலாகப் பார்த்தானோ என்றுகூட அப்போது தோன்றியது. அவனுக்கு எதற்கு இதெல்லாம், அவன் வேலை பொத்தானை அமுக்குவது. ஆஸ்பத்திரி காரைக் கேட்டிருக்கலாம். கேட்டால் டிரைவர் நோட்டில் ஊர்ப் பெயர் எழுதுவான், அவன் ஆய்வு உதவியாளன் ஜெபசிங்கோடு டீ குடிக்கிறவன். சொந்தக் காரில் வந்திருக்கலாம். அது ஆஸ்பத்திரி வளாகத்தில் வேப்பமரத்தடியில் நிற்கிறது, நிற்கட்டும், அது அங்கே நின்றால் அவளும் அங்கேதான் இருக்கிறாள் என்று எல்லாரும் நினைப்பார்கள். நாற்பத்தெட்டு வயது, நரம்பியல் பேராசிரியை, செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்குத் தன் கீழே வேலை பார்க்கிற ஒருவனை வேவு பார்க்க பஸ் ஏறிப் போகிறாள். வேவு என்ற சொல் வந்ததும் அவளுக்கு வாய்க்குள் உலோகம் பட்டதுபோல இருந்தது. சரி பார்க்க என்று மாற்றிக்கொண்டாள். சரி பார்க்கத்தான் போகிறேன். அது என் கடமை. கடமை என்றால் ஏன் கார் வேப்பமரத்தடியில் நிற்கிறது?

காரியம் இவ்வளவுதான். காசநோய்க் கிருமி நுரையீரலோடு நிற்காமல் சிலருக்கு மூளையைச் சுற்றிய சவ்வுக்குள் போய்விடும். போனால் பலர் பிழைப்பதில்லை, பிழைத்தவர்களிலும் சிலருக்குக் கை கால் விளங்காது, சிலருக்குப் பேச்சு போகும், சிலருக்கு ஞாபகம். வழக்கமான மருந்தையே கூடுதல் அளவில் கொடுத்தால் மூளை தப்புமா என்பதைத்தான் வடிவு நான்கு வருஷமாக ஆய்வு செய்கிறாள். பாதி நோயாளிகளுக்கு வழக்கமான அளவு, பாதிப் பேருக்குக் கூடுதல் அளவு. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது, படிவம் நிரப்புகிற ஜெபசிங்குக்கும் தெரியாது. அந்தப் பட்டியல் வேறொரு ஊரில் வேறு யாரிடமோ பூட்டிக் கிடக்கிறது. படிவத்தில் யாருக்கும் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். முப்பத்தொன்று என்றால் சீனிராஜ், முப்பத்தொன்பது வயது, மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன், கயத்தாறுக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். மருந்து தொடங்கிய ஆறாம் மாதம் அவனை மனைவி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு வந்தபோது வடிவே உட்கார்ந்து பரிசோதித்தாள். ஐந்து சொற்களைச் சொல்லிவிட்டு, ஐந்து நிமிஷம் வேறு பேசிவிட்டு, அந்தச் சொற்களைத் திருப்பிக் கேட்க வேண்டும். குடை, மாம்பழம், தபால், பச்சை, வாசல். ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டாள். அவன் அவளையே பார்த்தான். என்ன சொற்கள் என்பதல்ல, சொற்கள் என்று ஏதாவது சொல்லப்பட்டதா என்பதே அவனுக்குத் தெரியவில்லை. "உங்க பொண்ணு பேரு என்ன சீனிராஜ்?" என்று கேட்டாள். அவன் மனைவி முருகலட்சுமியைத் திரும்பிப் பார்த்தான், ஏதோ கடையில் சில்லறை இல்லாமல் நிற்கிறவன் பக்கத்தில் நிற்கிறவரைப் பார்ப்பதுபோல. முருகலட்சுமி தரையைப் பார்த்தாள். வடிவு தன் கையால் பூஜ்யம் போட்டாள். அந்தப் பூஜ்யத்தை அவள் போட்டது ஒரு மழைநாள், ஜன்னல் கண்ணாடியில் நீர் இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் ஆறு மாதம் கழித்து, நோயாளியால் அவ்வளவு தூரம் வர முடியவில்லை என்று ஜெபசிங் வீட்டுக்கே போய்ப் படிவம் நிரப்பிக்கொண்டு வந்தான். நினைவாற்றல் என்ற கட்டத்தில் நீல மையில், அடித்தல் திருத்தல் இல்லாமல், 5. மகள் பெயர் தெரியாதவனுக்கு மாம்பழம் தெரியுமா? மூளை அப்படித் திரும்பாது. சில மூளைகள் திரும்பும், இல்லையென்று சொல்ல முடியாது, ஆனால் இப்படி, பூஜ்யத்திலிருந்து நேராக ஐந்துக்கு, நடுவில் ஒரு படிகூட மிதிக்காமல்?

தாழையூத்து வந்தது. சிமென்ட் தூசி படிந்த மரங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு, "எங்க எறங்கணும்?" என்று கேட்டாள். "கோவில்பட்டி" என்றாள் வடிவு. உண்மையில் கயத்தாறில் இறங்க வேண்டும். ஏன் பொய் சொன்னேன் என்று அவளுக்கே விளங்கவில்லை. இந்தப் பெண் யாருக்கு என்ன சொல்லிவிடப் போகிறாள்? ஆனாலும் சொன்னதைத் திருத்தவில்லை, திருத்தினால் இன்னும் சந்தேகம் வரும், யாருக்கு, இந்தப் பெண்ணுக்கா? ஜெபசிங்கை நினைத்தாள். இருபத்தொன்பது வயது, பாளையங்கோட்டைக்காரன், நுண்ணுயிரியல் படித்தவன். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா. நோயாளிகளின் சொந்தக்காரர்களுக்கு அவன் வாங்கிக் கொடுக்கிற டீ, பிறந்தநாளுக்கு வார்டு நர்ஸுகளுக்குக் கொண்டுவருகிற கேக், யார் கூப்பிட்டாலும் "இந்தா வந்துட்டேன்" என்கிற குரல். முன்பெல்லாம் அந்தக் குரலைக் கேட்டால் அவளுக்கு நிம்மதியாக இருக்கும். இப்போது அதே குரல், இவ்வளவு நல்லவனாக ஒருத்தன் ஏன் இருக்க வேண்டும் என்று கேட்க வைக்கிறது. அவன் படிவங்களில் ஒரு கட்டம்கூட விடுபடாது. மற்ற ஊர்களிலிருந்து வருகிற படிவங்களில் காப்பிக் கறை இருக்கும், தேதி தப்பாக இருக்கும், மனிதர்கள் நிரப்பியதுபோல இருக்கும். இவனுடையவை அச்சடித்ததுபோல இருக்கும். பதினான்காம் தேதி, வியாழன், காலை பத்து நாற்பதுக்கு முப்பத்தொன்றாம் எண் வீட்டில் இருந்ததாக எழுதியிருக்கிறான். பதினான்காம் தேதி வியாழன் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அன்றைக்கு அவள் காரை எடுக்கப் போனபோது ஒரு ஸ்கூட்டர் குறுக்கே நின்றது, வாட்ச்மேன் ஓடிவந்து, "இது ஜெபசிங் சார் வண்டிம்மா" என்று சொல்லி நகர்த்தினார். மணி பதினொன்று. வண்டி இங்கே, ஆள் ஐம்பது கிலோமீட்டர் தள்ளி? அதற்கப்புறம் அவள் ஜெபசிங் வருவது தெரிந்தால் அறைக் கதவைச் சாத்திக்கொள்ள ஆரம்பித்தாள். போனில் பேசுவதுபோல நடித்தாள். அவன் முகத்தைப் பார்த்தால் கேட்டுவிடுவாள், கேட்டால் அவன் சுதாரித்துவிடுவான், ஒன்றைத் திருத்துவான், அதற்கு ஏற்ற மாதிரி இன்னொன்றை. முதலில் கண்ணால் பார்க்க வேண்டும், கையில் ஆதாரம் வேண்டும், அப்புறம்தான் பேச்சு.

கங்கைகொண்டான் தாண்டியபோது போன் அடித்தது. திரையில் ஜெபசிங். எடுக்காமல் விட்டால் மறுபடி அடிப்பான், நர்ஸிடம் கேட்பான், தேடுவார்கள். எடுத்தாள். "மேடம், எங்க இருக்கீங்க? ரூம்ல காணோமே." "பல் டாக்டர்கிட்ட வந்திருக்கேன். என்ன விஷயம்?" எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பல். "ஒண்ணுமில்ல மேடம், ஒரு அஞ்சு நிமிஷம் பேசணும். முப்பத்தொண்ணு விஷயமா." "முப்பத்தொண்ணுல என்ன?" "போன்ல வேண்டாம் மேடம், நேர்ல சொல்றேன்." கொஞ்சம் தயங்கினான். "ஒண்ணு மட்டும். நீங்க எப்பவாவது அந்த வீட்டுக்குப் போறதா இருந்தா என்னையும் கூட்டிட்டுப் போங்க. தனியாப் போக வேண்டாம்." அப்போது பார்த்து டிரைவர் ஒரு டிராக்டரைப் பார்த்து நீளமாக ஹாரன் அடித்தான். வடிவு போனின் வாய்ப்பகுதியைக் கையால் பொத்தினாள். "சரி, பாக்கலாம்" என்று வைத்துவிட்டாள். தனியாகப் போக வேண்டாம். ஏன்? நான் தனியாகப் போனால் அங்கே என்ன தெரிந்துவிடும்? அவன் கூட வந்தால் என்ன செய்வான், முருகலட்சுமிக்குக் கண்ணால் ஜாடை காட்டுவானா, முன்கூட்டியே போன் போட்டுச் சொல்லி வைப்பானா? இப்போதே போட்டுக்கொண்டிருப்பான். அந்த வீட்டு நம்பர் அவனிடம் இருக்கிறது. தன்னிடம் இல்லை. நான்கு வருஷமாக ஆய்வு நடத்துகிறவளிடம் ஒரு நோயாளியின் வீட்டு நம்பர்கூட இல்லை, எல்லாம் அவன் கையில், எல்லா வீடுகளுக்கும் வழி அவனுக்குத்தான் தெரியும், அவன் சொன்னால் சீனிராஜ் உயிரோடு இருக்கிறான், அவன் சொன்னால் சீனிராஜுக்கு மாம்பழம் ஞாபகம் இருக்கிறது. உயிரோடுதான் இருக்கிறானா? இந்த எண்ணம் வந்ததும் பஸ்ஸின் சத்தம் காதுக்கு எட்டாமல் போயிற்று. இறந்த ஒருவனுக்கு ஐந்துக்கு ஐந்து போட முடியும். தாளுக்கு அது தெரியாது.

தாளுக்கு அது தெரியாது என்பதை அவள் யாரிடமும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், வேறொரு ஊரில், அவள் ஜூனியராக இருந்தபோது, டாக்டர் அனந்தகிருஷ்ணன் குழந்தைகளின் மூளைக்காய்ச்சலுக்கு ஒரு மருந்தைச் சோதித்தார். நல்ல மனிதர், வெள்ளைச் சட்டை, அவள் கல்யாணத்துக்கு வெள்ளிக் குங்குமச்சிமிழ் கொடுத்தவர். இரண்டு குழந்தைகள் வீட்டுக்குப் போன பிறகு இறந்துவிட்டன. அவர் பட்டியலை அவளிடம் நீட்டி, "உன் கையெழுத்து நல்லா இருக்கும்மா, இதைச் சுத்தமா ஒரு தடவை எழுதிக் கொடு" என்றார். அந்த இரண்டு குழந்தைகளின் பெயருக்கு நேரே 'தொடர்பில் இல்லை' என்று பென்சிலில் குறித்திருந்தார். அவள் பேனாவில் எழுதினாள். அதில் ஒரு குழந்தையின் அப்பா முந்தின வாரம்தான் வந்திருந்தார். வாசலிலேயே செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, பாப்பா போயிட்டா, அட்டையைத் திருப்பிக் கொடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன் என்று அவளிடம்தான் சொன்னார். அட்டையை அவள்தான் வாங்கி வைத்தாள். அப்புறம் 'தொடர்பில் இல்லை' என்று எழுதினாள், 'ல்'லின் வால்கூடக் கோணாமல். கேட்டாளா? கேட்கவில்லை. அவருக்குத் தெரியாமல் இருக்கலாம் என்று நினைத்தாளா? அவருக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரியும். கட்டுரை வந்தது, நான்காவது பெயராக அவள் பெயர். அம்மா அதை ஃபிரேம் போட்டு மாட்டினாள். அந்த மருந்து பிறகு எங்கும் எடுபடவில்லை, யாருக்கும் அதனால் கெடுதல் வந்ததாகக் கேள்விப்படவில்லை என்று அவள் பல வருஷமாகத் தனக்குச் சொல்லிக்கொண்டு வருகிறாள், கேள்விப்பட முயற்சி செய்யவும் இல்லை. இப்போது ஜெபசிங்கின் அச்சடித்த கையெழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குத் தோன்றுவது இதுதான்: சுத்தமான கையெழுத்துக்குப் பின்னால் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாதா? அவனைப் பிடிக்கத்தான் போகிறேனா, அல்லது என்னையா? வேண்டாம், அதெல்லாம் சினிமா வசனம். ஒரு படிவம், ஒரு எண், அது சரியா தப்பா. அவ்வளவுதான்.

அவ்வளவுதான் இல்லை. கயத்தாறு நெருங்கும்போது காற்றாலைகள் தெரிந்தன, வரிசையாக, ஒன்று மட்டும் சுற்றாமல். அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏன் முப்பத்தொன்று? மற்ற நோயாளிகளுக்கும் மதிப்பெண் கூடித்தான் இருக்கிறது, அவற்றைப் பார்த்து அவள் சந்தோஷப்பட்டாள், ஒன்றைக்கூடச் சரி பார்க்கவில்லை. முப்பத்தொன்றை மட்டும் ஏன் பிடித்துக்கொண்டாள்? இதற்கு அவளிடம் ஒரு பதில் உண்டு, அது யாரிடமும் சொல்லாதது. இந்தக் காசநோய் மருந்து சாப்பிட்டால் சிறுநீர் சிவக்கும், வியர்வை சிவக்கும், கண்ணீர்கூட ஆரஞ்சு நிறமாக வரும். எல்லாருக்கும் வரும், அது ஒன்றும் ரகசியமில்லை. ஆனால் எவ்வளவு சிவப்பு என்று பார்க்கத் தெரிந்த கண்ணுக்கு, யாருக்குக் கூடுதல் அளவு போகிறது என்று ஊகிக்க முடியும். பார்க்கக் கூடாது. ஆரம்பத்தில், சீனிராஜ் வார்டில் இருந்தபோது, ஒருநாள் அவன் காரணமில்லாமல் அழுதான், அவள் பஞ்சால் கண்ணைத் துடைத்துவிட்டாள். பஞ்சு செங்கல் நிறத்தில் இருந்தது. இவனுக்குக் கூடுதல் அளவுதான் என்று அவள் மனசு சொல்லிவிட்டது. சொன்னதோடு நிற்கவில்லை, இவன் தேற வேண்டும் என்று ஆசைப்பட்டது. எல்லா நோயாளிகளும் தேற வேண்டும், ஆனால் இவன் கொஞ்சம் கூடுதலாக. ஆறாம் மாதம் பூஜ்யம் போட்டபோது கை கனத்தது ஏன்? அவனுக்காகவா, மருந்துக்காகவா? அதனால்தான் ஐந்தைப் பார்த்ததும் முதலில் வந்தது சந்தேகமில்லை. முதலில் அவள் சிரித்தாள். தனியாக, அறையில், சத்தமாக. அந்தச் சிரிப்புதான் அவளைப் பயமுறுத்தியது. தனக்கு வேண்டியதை யாரோ கொண்டுவந்து கையில் கொடுக்கிறார்கள் என்றால் அது எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டாமா? நம்ம டாக்டரம்மாவுக்கு எது பிடிக்கும் என்று அவனுக்குத் தெரியும். கேக் யாருக்கு எந்த ருசி பிடிக்கும் என்றுகூட அவனுக்குத் தெரியும்.

கயத்தாறில் இறங்கினாள். பக்கத்துப் பெண், "கோவில்பட்டின்னீங்க?" என்றாள், வடிவு பதில் சொல்லாமல் இறங்கிவிட்டாள். ஷேர் ஆட்டோவில் நான்கு பேரோடு நெருக்கி உட்கார்ந்து, கரிசல் காட்டு வழியாக இருபது நிமிஷம். ஊர் முனையில் மோட்டார் வைண்டிங் சீனிராஜ் வீடு என்றதும் டிரைவர் நேரே வாசலில் கொண்டுவந்து விட்டான். ஓட்டு வீடு, பக்கத்தில் தகரக் கொட்டகை. கொட்டகைக்குள் ஒருவன் சாக்கின் மேல் உட்கார்ந்து செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தான். வடிவு அப்படியே நின்றுவிட்டாள். உயிரோடுதான் இருக்கிறான். அந்த ஒரு கணம் அவளுக்கு வேறெதுவும் தோன்றவில்லை. அவன் விரல்கள் தானாகப் போய்த் தானாகத் திரும்பின, கம்பி ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் படிந்தது. முருகலட்சுமி ஈரக் கையோடு ஓடிவந்தாள். "ஆத்தாடி, டாக்டரம்மா! ஒரு போன் போட்டிருக்கக் கூடாதா, அவுகளுக்கு நல்ல சட்டை மாத்திவிட்டிருப்பேனே." அவள் முகத்தில் பயம் இருக்கிறதா என்று வடிவு தேடினாள். வெட்கம்தான் இருந்தது, சட்டை அழுக்காக இருக்கிறதே என்ற வெட்கம். "ஜெபசிங் போன் பண்ணாரா?" "இல்லீங்களே. போன வாட்டி வந்தாகளே, அதோட சரி." "எப்ப வந்தாரு?" "ஒரு வியாழக்கெழம. பாவம், வண்டி பஞ்சராம், பஸ்ஸுல வந்து ஊர் வெலக்குல எறங்கி நடந்தே வந்துட்டாக. வேர்த்து ஊத்திருச்சு, மோரு குடுத்தேன்." பஸ்ஸில் வந்திருக்கிறான். வண்டி அங்கே, ஆள் இங்கே. வேப்பமரத்தடியில் நிற்கிற தன் கார் அவள் நினைவுக்கு வந்தது, முகம் சுட்டது. ஆனால் சந்தேகம் அவ்வளவு லேசில் இறங்குகிற சாமான் இல்லை. வந்தான், சரி. வந்து மோர் குடித்தான். கேள்வி கேட்டானா?

"சீனிராஜ், எப்படி இருக்கீங்க?" என்று கேட்டுக்கொண்டே கொட்டகைக்குள் குனிந்து, முக்காலியில் உட்கார்ந்து, பையிலிருந்து படிவத்தை எடுத்தாள். அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, தாளைப் பார்த்தான். கையிலிருந்த கம்பியை வைத்தான். முதுகை நிமிர்த்திக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் எழுந்து நிற்கிற குரலில், "குடை, மாம்பழம், தபால், பச்சை, வாசல்" என்றான். அவள் இன்னும் வாயைத் திறக்கவில்லை. ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. முருகலட்சுமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், பெருமை தாங்காத சிரிப்பு. "பாத்தீங்களா டாக்டரம்மா! கேக்குறதுக்கு முன்னாலயே சொல்லிட்டாக!" வடிவு திரும்பினாள். மோட்டார் காயில்கள் மாட்டியிருந்த சுவரில், நீலச் சுண்ணாம்பின் மேல், ஒரு குழந்தையின் கையெழுத்தில் ஐந்து சொற்கள், பெரிதாக, ஒவ்வொன்றுக்கும் கீழே கோடு போட்டு. "இது..." "நாந்தாம்மா. அன்னிக்கு ஆஸ்பத்திரியில நீங்க கேட்டு அவுக முழிச்சாகள்ல, எனக்கு உசுரே போச்சு. இவுக தேறலன்னு எழுதிட்டா மாத்திரைய நிறுத்திருவாகளோ, வேற ஆளுக்குக் குடுத்துருவாகளோன்னு. அந்த அஞ்சையும் மனசுல வச்சிக்கிட்டே வீடு வந்து பாப்பாகிட்டச் சொல்லி எழுதச் சொன்னேன். தெனமும் பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னால அவ அப்பாட்ட கேப்பா. மொதல்ல ஒண்ணு வரவே ஒரு மாசம் ஆச்சு. 'தபாலு'தான் வரவே இல்ல, வாரேன்னு சொன்ன சொந்தக்காரன் மாதிரி." சொல்லிவிட்டு மறுபடி சிரித்தாள், வடிவின் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்தினாள். "ஏன் டாக்டரம்மா? தப்பா?"

தப்பா? வடிவுக்கு ஆய்வு தொடங்குமுன் நடந்த ஒரு கூட்டம் கண்ணெதிரே வந்து நின்றது, ஏசி ஓடிய அறை, சமோசா, மூன்று சொற்பட்டியல் வேண்டும் என்று ஒருவர் சொன்னார், ஒவ்வொரு தடவையும் வேறு சொற்கள், இல்லாவிட்டால் நோயாளி பழகிவிடுவான் என்றார். தமிழில் இன்னும் இரண்டு பட்டியல் தயார் செய்து அனுமதி வாங்க நான்கு மாதம் ஆகும். அவள் அவசரத்தில் இருந்தாள். "ஆறு மாசம் கழிச்சு இந்த நோயாளிகள்ல யாருக்கு ஞாபகம் இருக்கப் போகுது?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். நோயாளிக்கு ஞாபகம் இருக்காதுதான். நோயாளியோடு வருகிறவளுக்கு இருக்கும் என்று அந்த அறையில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. "தப்பில்லம்மா. உங்க மேல தப்பில்ல" என்றாள். பிறகு படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, சும்மா பேசுகிறவள்போல, சீனிராஜிடம் வேறு ஐந்து சொற்கள் சொன்னாள்: கிணறு, வாழைக்காய், பஞ்சு, மஞ்சள், ஏணி. ஐந்து நிமிஷம் மோட்டாரைப் பற்றிப் பேசினாள். இது எத்தனை குதிரைத்திறன் என்று கேட்டாள், ஒன்றரை என்றான், உடனே, யோசிக்காமல், இந்தக் கம்பி மட்டமானது, எரிந்துவிடும் என்றும் சொன்னான். பிறகு கேட்டாள். அவன் சுவரைப் பார்த்தான். சுவரில் அது இல்லை. நெற்றியைத் தேய்த்தான். ரொம்ப நேரம் கழித்து, "கிணறு" என்றான். அவ்வளவுதான். ஒன்று. அந்த ஒன்று அவளுக்கு என்னவோ செய்தது, அழுகையா சந்தோஷமா என்று தெரியவில்லை, மருந்தின் ஒன்றா, தினமும் பள்ளிக்கூடம் போகுமுன் கேட்கிற மகளின் ஒன்றா, காலம் தானாகக் கொடுத்ததா, யாரைக் கேட்பது? "பொண்ணு பேரு என்ன சீனிராஜ்?" "தர்ஷினி" என்றான். அது சுவரில் எழுதியிருக்கவில்லை. அதைக் கேட்க எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது. முருகலட்சுமி தூணைப் பிடித்துக்கொண்டு, "மாத்திரைய நிறுத்திருவீங்களா?" என்று மெல்லக் கேட்டாள். "இல்லம்மா. இவர் பாஸ் ஆனாலும் ஃபெயில் ஆனாலும் வைத்தியம் நிக்காது. நாங்க சோதிச்சது மருந்தை. அதை முதல் நாளே உங்களுக்குப் புரியும்படி சொல்லியிருக்கணும். சொல்லல." முருகலட்சுமி தலையாட்டினாள். அவள் நம்பினாளா இல்லையா என்று தெரியவில்லை. அவளுக்கு மட்டும் நம்பிக்கை சீக்கிரம் வர வேண்டுமா என்ன?

மெயின் ரோட்டில் ஊருக்குப் பிரிகிற விலக்கில் ஒரு புளியமரம், கீழே சிமென்ட் பெஞ்சு. பஸ் வர அரைமணி ஆகும் என்றார்கள். வெயில் உச்சியில் இருந்தது. பதினாறு நாளாக அவள் கட்டி வைத்திருந்த ஜெபசிங், அச்சுக் கையெழுத்துக்காரன், கேக் கொடுத்து மயக்குகிறவன், ஒவ்வொரு செங்கலாகக் கழன்று விழுந்தான். கடைசியில் இரண்டு பேனாவோடு வியர்த்து நடந்து வருகிற ஒரு ஆள்தான் மிச்சம். போன் போட்டாள். ஒரே மணியில் எடுத்தான். "மேடம்?" "ஜெபசிங், நான் முப்பத்தொண்ணு வீட்டுல இருந்து வரேன். சுவரைப் பாத்தேன்." அந்தப் பக்கம் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு, "நானும் அன்னிக்குக் கிளம்பும்போதுதான் மேடம் பாத்தேன். விதிப்படி கேட்டேன், அஞ்சும் சொன்னாரு, எழுதிட்டேன். அப்புறம் அந்தம்மாவே கூட்டிட்டுப் போய்க் காட்டினாங்க, அவ்ளோ சந்தோஷமா. எழுதுனதை நானா அடிக்கக் கூடாது, உங்ககிட்டதான் கேக்கணும்னு வந்தேன். மூணு தடவை வந்தேன் மேடம். நீங்க கதவைச் சாத்தியிருந்தீங்க." "தனியாப் போக வேண்டாம்னு ஏன் சொன்னீங்க?" "அந்தம்மாவைக் கோவத்துல ஏதாவது சொல்லிருவீங்களோன்னு" என்றான், பிறகு அவசரமாக, "மன்னிச்சிருங்க மேடம்." "வேற வீடு ஏதாவது உண்டா?" "போன வாரம் ஒவ்வொரு வீடா போன் போட்டு விசாரிச்சேன். எனக்குத் தெரிஞ்சு பதினாலு. ஒரு வீட்டுல பேரப்பிள்ளைங்க அதைப் பாட்டாவே ஆக்கி வச்சிருக்காங்க." பதினாலு. வழக்கமான அளவு, கூடுதல் அளவு என்று இரு பக்கத்திலும் இருக்கும், எந்தப் பக்கம் எத்தனை என்று யாருக்குத் தெரியும், நினைவாற்றல் கணக்கு முழுக்கப் போயிற்று, நான்கு வருஷத்தில் பாதி போயிற்று. இப்போதைக்கு இதை அறிந்தவர்கள் இரண்டே பேர். பதினாலு வீடுகளும் வாய் திறக்காது, அவர்களுக்கு அது பெருமை. ஒரு வார்த்தை சொன்னால் ஜெபசிங் படிவங்களை அப்படியே கட்டி வைத்துவிடுவான், வருத்தப்படுவான், ஆனால் கட்டிவிடுவான், அவளும் ஒருகாலத்தில் அப்படித்தானே பேனாவை எடுத்தாள். அந்த எண்ணம் வந்து, நின்று, போகாமல் நின்றது. புளியமரத்தின் நிழல் அவள் காலை விட்டு நகர்ந்திருந்தது, பாதம் சுட்டது, இழுத்துக்கொள்ளவில்லை. "மேடம், லைன்ல இருக்கீங்களா?" "இருக்கேன். நெறிமுறைக் குழுவுக்கு ஒரு கடிதம் போகணும். இப்பவே டைப் பண்ணுங்க." "சரி மேடம். யாரு பேர்ல?" அந்தக் கேள்வியில் ஒரு சின்ன நடுக்கம் இருந்தது. படிவத்தில் இருப்பது அவன் கையெழுத்து. "என் பேர்ல. ஒரே பட்டியல் போதும்னு முடிவு பண்ணது நான். உங்க பேர் எங்கயும் வரக் கூடாது, தப்பைக் கண்டுபிடிச்சது யாருங்கற இடத்துல தவிர." விசைப்பலகையை இழுக்கிற சத்தம் கேட்டது. "முதல் வரி சொல்லுங்க மேடம்." தூரத்தில், கானலுக்குள் பஸ் ஒன்று மெல்ல உருவாகி வந்துகொண்டிருந்தது. ஆங்கிலத்தில் எப்படி ஆரம்பிப்பது என்று தேடினாள், எல்லா ஆரம்பமும் யாரையோ ஒளித்து வைக்கிற ஆரம்பமாகவே வந்தது. "தமிழ்ல சொல்றேன், அப்புறம் மாத்திக்கலாம்" என்றாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள். "எங்கள் ஆய்வில் நோயாளிகளின் நினைவாற்றலை அளந்த முறை தவறு. அது தவறாகிவிடும் என்று என்னிடம் முன்பே சொல்லப்பட்டது." நிறுத்தினாள். அவன் தட்டி முடிக்கும்வரை காத்திருந்தாள். "எழுதிட்டீங்களா?" "எழுதிட்டேன் மேடம்." "அடுத்த வரி" என்றாள். பஸ் வந்து நின்றது. கண்டக்டர் விசில் ஊதினார். அவள் கையை ஆட்டி அதைப் போகச் சொல்லிவிட்டு, சொல்லத் தொடங்கினாள்.